வேப்பிலை கட்டிய வீட்டில் பனிச்சறுக்கு

நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் நடந்துகொண்டிருப்பதுதான் எனக்கும் நடந்தது. வீட்டில் உட்கார்ந்தபடியே குளிர்கால விளையாட்டுப் போட்டி பார்ப்பது எப்படி என்று என் மருமகள் எனக்குப் பாடம் எடுத்தாள். செல்போனில் இந்த ஆப்பைத் திறக்க வேண்டும். இதை அமுக்கினால் இப்போது நடப்பது, இதை அமுக்கினால் காலையில் நடந்தது. கண் அசந்துவிட்டால் பயமில்லை, விரலால் பின்னுக்கு இழுத்துக்கொள்ளலாம். சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "ஒங்களுக்கு எதுக்கு அத்தை இதெல்லாம்? பனியில சறுக்கறத பாத்து இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள். சும்மாதான் என்றேன். சும்மா இல்லை. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

நாம் பார்த்த விதம் உங்களுக்கு மறந்திருக்காது. சவுக்குக் கழியின் உச்சியில் ஆன்டெனா. அதன்மேல் காக்கை உட்கார்ந்தால் படம் போய்விடும். ஒருத்தர் மாடியில் நின்று கழியைத் திருப்ப, இன்னொருத்தர் கீழேயிருந்து "வந்துச்சி, வந்துச்சி, ஐயோ போயிடுச்சி" என்று கத்த வேண்டும். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் தெருவில் முதல் டிவி எங்கள் வீட்டுடையது. இழுத்து மூடும் மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளைப் பெட்டி. அதன் முன்னால் அப்பா மூன்று நிற பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை மாட்டியிருந்தார். மேலே நீலம், நடுவில் லேசான சிவப்பு, கீழே பச்சை. யார் செய்தி வாசித்தாலும் நெற்றி நீலமாகவும் கழுத்துக்குக் கீழே பச்சையாகவும்தான் இருப்பார்கள். அதையே கலர் டிவி என்று சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

ஞாயிற்றுக்கிழமையானால் தெருவே எங்கள் கூடத்தில் இருக்கும். காலனிப் பிள்ளைகள் மட்டும் தெரு ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பார்கள். உள்ளே வா என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. அது தப்பு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவும் இல்லை.

எனக்குப் பதினொரு வயது. அந்த மாசியில் அக்கா மாகறலிலிருந்து வந்திருந்தாள். வளைகாப்பு முடித்து, ஏழு மாத வயிற்றோடு, இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு தாய்வீட்டுக்கு வந்தவள். வந்த பத்தாம் நாள் காய்ச்சல் கண்டது. அடுத்த நாள் விடியும்போது கழுத்திலும் முதுகிலும் முத்து முத்தாகப் போட்டிருந்தது. அம்மை.

எங்கள் வீட்டில் அம்மை என்றால் அத்தையின் ராஜ்ஜியம். அத்தை, அப்பாவின் அக்கா. சின்ன வயதில் தாலியறுத்து தம்பி வீட்டோடு வந்தவள். விதை நெல், விரதம், அம்மை மூன்றிலும் அவள் சொல்வதுதான் சட்டம். அன்று காலையிலேயே வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து கட்டினாள். அடுப்படியில் தாளிப்பு நின்றது. அக்காவைக் கூடத்தை ஒட்டிய அறையில், பழைய வேட்டியை விரித்து வேப்பிலை பரப்பிப் படுக்கவைத்தார்கள். கூழும் மோரும் இளநீரும்தான் ஆகாரம். மாத்திரை கூடாது, ஊசி கூடாது. வாசலுக்கு வந்த பிச்சைக்காரர்கூட வேப்பிலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார். எனக்கு முன்பே அம்மை போட்டுப் போயிருந்ததால், பள்ளிக்கூடத்தை நிறுத்தி அக்காவுக்குக் காவல் வைத்தார்கள். வேப்பங்கொத்தால் விசிறுவதும், சொறியாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை.

இன்னொரு சட்டமும் உண்டு, உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். அம்மை கண்டவர் வாய்விட்டுக் கேட்பதை இல்லை என்று சொல்லக் கூடாது. கேட்பது அவர்கள் இல்லை, ஆத்தா. அக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தாலும் குறும்பு போகவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு, "டிவி பாக்கணும்" என்றாள்.

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா கேக்கறாடா. இன்னா பாத்துக்கினு நிக்கற? இந்தப் பக்கமா திருப்பி வெய்யி."

டிவி அறை வாசலைப் பார்த்துத் திரும்பியது. அறைக் கதவைத் திறந்து போட்டால், படுத்தபடியே அக்காவுக்குத் தெரியும். அப்போது இருந்தது ஒரே சேனல். எதை எப்போது போடுவார்கள் என்று அந்த ஆத்தாவுக்கே தெரியாது. அன்றைக்குச் செய்திக்கு முன்னால் அரைமணி நேரம், எங்கேயோ ஒரு தேசத்தில் நடக்கும் குளிர்கால விளையாட்டுகளைப் போட்டார்கள். பேசியது ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. மலை முழுக்க வெள்ளை. ஒருத்தன் காலில் இரண்டு நீளப் பட்டைகளைக் கட்டிக்கொண்டு, உச்சியிலிருந்து சர்ரென்று வழுக்கி வந்து, முனையில் எம்பி, அப்படியே காற்றில் படுத்தான். இறக்கை இல்லை, கயிறு இல்லை. ஷீட்டின் பச்சைப் பகுதிக்குள் வந்து இறங்கி நின்றான்.

"பாருடி, நாத்தாங்கால் மேல குதிக்கறான்" என்று அக்கா சிரித்தாள். "அந்தக் கலர் காயிதத்த கழட்டு. பனி வெள்ளையா தெரியட்டும்."

ஷீட்டைக் கழற்றினேன். வீடே வெளுத்துப் போனதுபோல் இருந்தது. அத்தையும் வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "குளுகுளுன்னு கீது. நல்லா பாருடி. ஆத்தா மனசு குளுந்துடும். சூடெல்லாம் எறங்கிடும்" என்றாள். மறுநாளிலிருந்து செய்திக்கு முன்னால் அவளே வந்து சுவிட்சைப் போட்டாள். ஐஸ் கட்டிக்கு ஏங்கும் ஊரில், பனியைக் கண்ணில் காட்டினால் உடம்பு குளிரும் என்று அவள் முழுசாக நம்பினாள். அவள் நம்பியதை நானும் நம்பினேன்.

என் வாழ்க்கையில் அவ்வளவு வசதியாக டிவி பார்த்தது அந்த நாட்களில்தான். தெருவில் யாரும் வரவில்லை. ஜன்னல் கம்பியில் ஒரு கையும் இல்லை. வேப்பிலை வாசனைக்கு நடுவில் நானும் அக்காவும் மட்டும். அவள் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தாள். பறக்கிறவன் முனையிலிருந்து எம்பியதும் இரண்டு பேரும் மூச்சை அடக்க வேண்டும். அவன் கால் தரையில் படும்போதுதான் விட வேண்டும். முதலில் விட்டவள் தோற்றவள். அதே தாவலை மெதுவாக ஓட்டியும் காட்டுவார்கள், அதுதான் கஷ்டம். ஏரியில் முங்கி நீச்சல் பழகியவள் அக்கா. வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு விளையாடிய முதல் நாள் ஒவ்வொரு தடவையும் அவளே ஜெயித்தாள்.

மூன்றாம் நாள் நான் இரண்டு தடவை ஜெயித்தேன். நான்காம் நாள் எல்லாத் தடவையும் நானே ஜெயித்தேன். பறக்கிறவன் பாதி தூரம் வருவதற்குள் அவள் மூச்சை விட்டுவிட்டு வாயைத் திறந்து இழுத்தாள். கூடவே இருமல், உள்ளிருந்து வரும் வறட்டு இருமல். நான் கைகொட்டினேன். "தோத்துட்ட, தோத்துட்ட" என்று குதித்தேன்.

இருமலின் காரணம் எனக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பனியைப் பார்த்தால் உடம்பு குளிரும் என்றால், அதிகமாகப் பார்த்தால் சளி பிடிக்கத்தானே செய்யும்? நாங்கள் அளவுக்கு மேல் பார்த்துவிட்டோம். அத்தைக்குத் தெரிந்தால் டிவி கதவை இழுத்து மூடிவிடுவாள். அக்காவிடம் சொன்னேன். அவளும் அப்படித்தான் நினைத்தாளோ, இல்லை எனக்காகச் சொன்னாளோ, "யார்கிட்டயும் சொல்லாத. இன்னும் ரெண்டு நாள்ல முடிஞ்சிடும். அதுவரைக்கும் பாத்துடலாம்" என்றாள். இருமல் வந்தால் தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொள்வாள். நான் அந்த நேரம் சத்தமாகப் பாடம் படிப்பேன்.

ஐந்தாம் நாள் காலையில் நர்ஸம்மா வந்தார். பிள்ளைத்தாய்ச்சிகளை வீடு வீடாக வந்து பார்க்கும் அரசாங்க நர்ஸ். காலனியில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் அவர் வீடு. வேப்பிலையைப் பார்த்துவிட்டு வாசற்படிக்குக் கீழேயே நின்றார்.

"அக்கா, பொண்ண ஒரு தபா பாத்துட்டுப் போயிடறேன். தொட மாட்டேன். மூச்ச மட்டும் எண்ணிக்கறேன். புள்ளத்தாச்சிக்கு அம்மை வந்தா சும்மா வுடக் கூடாது."

அத்தை நிலையை மறித்து நின்றாள். "வூட்ல ஆத்தா வந்துகீறா. நீ எப்டி உள்ள வருவ? மூணாந்தண்ணி ஊத்தி ஆத்தாவ அனுப்பனப்புறம் வா, பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் தாங்கணுமேக்கா."

"இன்னா பேச்சு பேசற நீ? காலங்காத்தால வாசல்ல நின்னுக்கினு!" அத்தை உள்ளே போய்விட்டாள்.

ஆத்தாவின் பெயரால்தான் அன்றைக்கு அவரை நிறுத்தினாள். ஆனால் வேப்பிலை இல்லாத நாளிலும் அந்த நர்ஸம்மா எங்கள் வாசற்படி ஏறி நான் பார்த்ததில்லை. அம்மாவுக்குப் பிரஷர் பார்த்தபோதும் அம்மாதான் வெளியே வந்து கையை நீட்டினாள். இதெல்லாம் எனக்கு உறைக்க எத்தனையோ வருஷம் ஆனது.

நர்ஸம்மா போகவில்லை. சுற்றிக்கொண்டு தெரு ஜன்னலுக்கு வந்தார். காலனிப் பிள்ளைகள் பிடித்து நிற்கும் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். அங்கிருந்து பார்த்தால் டிவியின் முதுகுதான் தெரியும். அறைக்குள் இருந்த அக்கா தெரியமாட்டாள்.

"பாப்பா, இங்க வா. அக்கா நல்லா கீறாளா?"

"கீறாங்க."

"இருமறாளா?"

நான் டிவியைப் பார்த்தேன். "இல்ல" என்றேன்.

"மூச்சு வாங்குதா? பேசறப்ப நிறுத்தி நிறுத்திப் பேசறாளா?"

"இல்ல நர்ஸம்மா."

"இருமல் வந்தா ஓடியாந்து சொல்லு. ஒன்ன யாரும் திட்ட மாட்டாங்க. நான் வண்டி வெச்சி இட்டுக்கினு போறேன், சரியா?" என்றார். சரி என்று தலையாட்டினேன். அவர் போன பிறகு அறைக்குள் போனேன். அக்கா தலையணையை வாயிலிருந்து எடுத்தாள். "கெட்டிக்காரி" என்றாள்.

அன்று சாயங்காலம்தான் கடைசி. அத்தை சுவிட்சைப் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். பறக்கிறவர்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். மூச்சடக்கும் விளையாட்டு இல்லை, அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். ஒருத்தன் மற்றவர்களைவிட ஒல்லியாக, கடைசியாக உச்சியில் உட்கார்ந்திருந்தான். அவன் வழுக்கத் தொடங்கும்போது அக்காவுக்கு இருமல் வந்தது. தலையணை எட்டவில்லை. விடாமல் இருமினாள், வளையல்கள் எல்லாம் குலுங்கின. அத்தை ஓடி வந்தாள். அக்காவின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எத்தினி நாளா கீது இது?"

"ரெண்டு நாளா."

கன்னத்தில் ஒன்று விழுந்தது. "பனியவே பாத்துக்கினு கெடந்தா நெஞ்சுல சளி கட்டாம இன்னா பண்ணும்? சொல்றதுக்கு இன்னாடி ஒனக்கு?" அவள்தான் குளிரும் என்று சொன்னவள் என்பது அவளுக்கும் நினைவில்லை, எனக்கும் கேட்கத் தைரியமில்லை. ஒயரைப் பிடித்து இழுத்தாள். அந்த ஒல்லிப் பையன் காற்றில் படுத்திருந்தான். படம் சுருங்கி, நடுவில் ஒரு புள்ளியாகி, அணைந்தது.

டிவியை நிறுத்தியாகிவிட்டது, சளி இறங்கிவிடும் என்று விடியும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். அப்பா ஒரு தடவை டாக்டர் என்று வாயெடுத்தார். அத்தை திருநீறு மந்திரித்துப் பூசினாள். அப்பா வாயை மூடிக்கொண்டார். பொழுது புலர்ந்தபோது அக்காவின் உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. அம்மாதான் முதலில் அலறினாள். அப்பா அப்போதுதான் வேப்பிலையைத் தாண்டி ஓடினார், உத்திரமேரூரிலிருந்து வாடகைக் கார் பிடித்து வந்தார்.

காரின் பின்சீட்டில் அம்மாவின் மடியில் அக்காவைக் கிடத்தினார்கள். காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாகறல் வழியாகத்தான் போக வேண்டும், போகிற வழியில் அக்கா வீட்டுக்காரரை, மாமாவை, ஏற்றிக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள். நான் கதவோரம் நின்றேன். அக்கா விரலை அசைத்து என்னைக் கூப்பிட்டாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு.

"அவன்... நின்னானாடி?"

எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் சொன்னேன். "நின்னுட்டான்கா. நல்லா நின்னுட்டான்."

கார் போய்விட்டது. மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தது அக்கா இல்லை. வயிற்றிலிருந்த பிள்ளையும் இல்லை. உடலை எடுக்கும்போது மாமா கைகளை நீட்டி எதையோ வாங்குவதுபோல் நின்றுகொண்டே இருந்தார். கண்ணாடி வளையல்களில் எத்தனையோ உடைந்து, வேப்பிலைக்கு நடுவில் அறையிலேயே கிடந்தன. அம்மா அவற்றைப் பெருக்கவிடாமல் ஒரு வாரம் வைத்திருந்தாள்.

ஆத்தா கொண்டுபோனாள் என்று ஊர் சொன்னது. அத்தை அப்படிச் சொல்லவில்லை. டிவி கொன்னுடுச்சி என்றாள், சாகும்வரை சொன்னாள். அப்பா பெட்டியைப் பரணில் நெல் மூட்டைக்குப் பின்னால் போட்டார். அதில் எலி குட்டி போட்டது. கழற்றி வைத்த மூன்று நிற ஷீட்டை மட்டும் நான் எடுத்து நோட்டுப் புத்தகங்களுக்கு அடியில் ஒளித்தேன். கல்யாணமாகி வரும்வரை இருந்தது, பிறகு எங்கே போனதோ. அக்காவுக்குப் பனியைக் காட்டியே கொன்றவள் நான் என்ற நினைப்பு மட்டும் எங்கும் போகவில்லை. ஃப்ரிட்ஜ் வாங்கியபோது ஐஸ் தட்டை எடுத்து வெளியே எறிந்தேன். என் வீட்டுக்காரர் காரணம் கேட்டார். சளி பிடிக்கும் என்றேன்.

அதன்பின் எத்தனையோ வருஷம் கழித்து உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அந்த நர்ஸம்மாவைப் பார்த்தேன். ரிடையராகி, தலை முழுக்க நரைத்து, கையில் கோலோடு இருந்தார். நான் யார் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குள் கிடந்ததை அவரிடம்தான் முதலில் கேட்டேன். டிவியில் பனியைப் பார்த்ததால்தானே அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டியது?

அவர் சிரித்தேவிட்டார். "டிவில பனியப் பாத்தா சளி புடிக்குமா? எவ சொன்னது ஒனக்கு? அந்த அம்மையேதாம்மா நுரையீரல்ல எறங்கியிருக்கும். புள்ளத்தாச்சிக்கு அப்டி ஆவறது உண்டு. மொத நாளே இட்டுக்கினு போயிருந்தா பொழைக்க வழி இருந்திருக்கும்."

அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது. இத்தனை வருஷம் சுமந்தது கீழே இறங்கியதுபோல் இருந்தது. ஒரு நிமிஷம்கூட இல்லை. அவர் பேசிக்கொண்டே போனார்.

"அன்னிக்கி நான் ஜன்னலாண்ட வந்து கேட்டேன். இருமல் இல்ல, மூச்சு வாங்கலன்னு யாரோ சொன்னாங்க. யாருன்னு நெனப்பு இல்ல. அத நம்பிப் போயிட்டேன். நான் பூந்து பாத்திருக்கணும். என்ன அடிச்சித் தொரத்தியிருந்தாலும் பூந்திருக்கணும். தப்பு என்னுதுதாம்மா."

அவர் கண் கலங்கியது. நான்தான் சொன்னேன் நர்ஸம்மா என்று சொல்லியிருக்கலாம். அவர் வயதுக்கு, அவர் சுமந்ததற்கு, அந்த ஒரு வார்த்தையையாவது கொடுத்திருக்கலாம். பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஏறிக்கொண்டேன். அது எங்கள் ஊர் பஸ்கூட இல்லை. இப்போது அவரும் இல்லை.

இதுதான் என் கதை. யாரையும் திட்டிப் பயனில்லை. அத்தை படிக்காதவள், நான் குழந்தை என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள், எனக்கும் கேட்க நன்றாக இருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் கட்டிலில் சாய்ந்துகொண்டு, மருமகள் காட்டிய இடத்தில் அமுக்கினேன். படம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. பனியின் ஒவ்வொரு பொடியும் தெரிந்தது. பறக்கிறவர்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தன் எம்பும்போதும் நான் மூச்சை அடக்கினேன், அந்தப் பழக்கம் போகவில்லை. எனக்கும் இப்போது பாதியில் விட்டுப்போகிறது. ஒல்லியாக ஒருத்தன் உச்சியிலிருந்து வழுக்கி, முனையில் எம்பி, காற்றில் படுத்தான். என்னை அறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"இருமறாங்க நர்ஸம்மா. ரெண்டு நாளா இருமறாங்க."

மருமகள் கையில் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "யாரு அத்தை இருமறாங்க?"

"எங்க அக்கா" என்றேன்.

எனக்கு ஒரு அக்கா இருந்தது அவளுக்குத் தெரியாது.